கூரையில் ஏறுகிற வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அக்கா, நீங்கள் அனுப்பிய குரல்பதிவு ஏழு நிமிடம். முதல் ஐந்து நிமிடம் மகளைப் பற்றிய கவலை, மிச்ச இரண்டு நிமிடம் உங்கள் தமையன் சொன்ன கதை. இரண்டையும் முழுக்கக் கேட்டேன். உங்களுக்கு மட்டும் பதில் போடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் இதே கேள்வியைத் தர்மபுரத்திலிருந்து ஒருவரும் மாங்குளத்திலிருந்து இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள், அதனால் பெயர், ஊர் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

கதை இதுதான். மகள் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பவியல் எடுத்தாள், இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) கம்பசுக்குக் காணாது. "இனிப் பச்சைப் பொருளாதாரம்தான் அம்மா, நான் சோலார் படிக்கப் போறன்" என்று நிற்கிறாள். எங்கோ ஓர் இடத்தில் மூன்று மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள், காசும் கொஞ்சநஞ்சமில்லை. தமையனோ பொம்பிளைப் பிள்ளை கூரையில் ஏறுவதா, இன்னொரு தரம் சோதனை எடுக்கட்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டு மாப்பிள்ளை பார்ப்போம் என்கிறார்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணத்துக்கு வருவோம். மகள் பார்க்கிற திசை சரி. அந்த மூன்று மாதப் படிப்பு பிழை. பிள்ளை மின்சாரத் தொழிலை அடியிலிருந்து படிக்கட்டும், சோலார் அதற்கு மேல் ஆறு மாதத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அடி இல்லாமல் சோலார் மட்டும் படித்தவர் ஏணி பிடிக்கிற ஆளாகத்தான் நிற்பார்.

திசை சரி என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2022 உங்களுக்கு மறந்திருக்காது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவனும் கடலுக்குப் போகிறவனும் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். நாட்டில் டொலர் இல்லை, டொலர் இல்லாவிட்டால் டீசல் இல்லை, நிலக்கரி இல்லை. நுரைச்சோலையில் ஓடுகிற 900 மெகாவாற்றும் கப்பலில் வருகிற நிலக்கரியை நம்பித்தான் ஓடுகிறது. வெயிலுக்கும் காற்றுக்கும் மாதாமாதம் டொலர் கட்ட வேண்டியதில்லை (பனலுக்கும், அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேட்டருக்கும் கட்டத்தான் வேண்டும், ஆனால் அது வருடக்கணக்கில் ஒரு தரம்). 2030 ஆகும்போது நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும், 2050 ஆகும்போது காபன் கணக்கு பூச்சியத்துக்கு வர வேண்டும் என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது. அந்தத் திகதிகளில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான், அரசாங்கத் திகதிகள் நமக்குப் பழக்கம்தானே. ஆனால் போகிற பக்கம் திரும்பாது. இயற்கை மேல் வந்த பாசத்தால் என்றால் நாளைக்கு மாறிவிடலாம், இது கடைக்காரனுக்குக் கடன் கட்ட முடியாதவன் வளவில் மரக்கறி நடுவது மாதிரி.

சரி, அப்படியென்றால் வேலை எங்கே இருக்கிறது? நிறையப் பெற்றோர் முதலில் காட்டுவது காற்றாலையை. நீங்களும் முகமாலைக்கு வேலைக்குப் போகிற வழியில் பளைப் பக்கம் சுற்றுகிறதைத் தினமும் பார்க்கிறீர்கள். மன்னார்த் தீவில் தம்பபவனி என்று 2020 டிசம்பரில் திறந்தார்களே, 30 காற்றாலை, சுமார் 100 மெகாவாற். பெரிய விஷயம்தான், ஆனால் வேலை என்று பார்த்தால் கட்டுகிற காலத்தில்தான் ஆள் கூட்டம், கட்டி முடிந்த பிறகு முப்பது காற்றாலையைப் பார்க்கக் கொஞ்சப் பேர் போதும், அந்தக் கொஞ்சப் பேரும் உயரத்தில் வேலை செய்யத் தனிப் பயிற்சி எடுத்தவர்களாக இருக்க வேண்டும். அதோடு பெரிய திட்டங்கள் வரும் என்பார்கள், வராமலும் போகும். மன்னாருக்கும் பூநகரிக்கும் 484 மெகாவாற் காற்றாலை என்று அதானி நிறுவனம் 2023இல் அனுமதி எடுத்தது, 2025 பெப்ரவரியில் விலகிவிட்டது. அதே வருடம் மன்னாரில் புதுக் காற்றாலைகள் வேண்டாம் என்று சனம் வீதிக்கு இறங்கியது. ஒரு திட்டத்தின் பெயரில் பிள்ளையின் எதிர்காலத்தைக் கட்டாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

மன்னார்ச் சனத்தின் கோபத்தையும் நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். வெள்ளம் ஓடுகிற வழி, மீன்பிடி, கடல் கடந்து வருகிற பறவைகள் என்று அவர்கள் கேட்டவை நியாயமான கேள்விகள். பெரிய திட்டம் ஒன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை போட்டால் 30 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று சட்டம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தத் தடித்த புத்தகத்தைத் திறந்து "இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது பிழை" என்று சொல்லக்கூடியவர்கள்? உயிரியல் பிரிவில் படித்து மருத்துவம் கிடைக்கவில்லை என்று வீட்டில் அழுதுகொண்டிருக்கிற பிள்ளைகளின் பெற்றோர் இதை வாசித்தால், வவுனியா பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் இருக்கிறது என்பதை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். பறவை எண்ணுவதும் ஒரு தொழில்தான்.

உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். வேலை இருப்பது பெரிய திட்டங்களை விடச் சின்ன இடங்களில். கூரையில், கிணற்றடியில், ஐஸ் தொழிற்சாலையில், அரிசி ஆலையில். ஒரு கதை சொல்கிறேன், என் சின்னம்மாவின் தோட்டத்தில் நடந்தது, விசுவமடுவில்.

ஏதோ ஒரு திட்டத்தில் அவர்களுக்குச் சோலார் பம்ப் கிடைத்தது. இரண்டு வருடம் நல்லாய் ஓடியது, மிளகாய்க்கும் கச்சானுக்கும் காசு செலவில்லாமல் தண்ணீர். மூன்றாம் வருடம் ஆடி மாதம், வெயில் கொளுத்துகிற நேரம், நின்றுவிட்டது. பூட்டிக் கொடுத்தவர்களுக்கு எடுத்தால் போன் வேலை செய்யவில்லை. மூன்று மாதம் பழைய மண்ணெண்ணெய் மோட்டாரைத்தான் இழுத்து இழுத்து ஓட்டினார்கள். பிறகு புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பெடியன், பிரிட்ஜ் திருத்துகிறவன், என்விகியூ (தேசியத் தொழிற்தகைமை) ஐந்து மட்டம் மின்சாரம் படித்தவன், வந்தான். வந்தவன் பனலில் கை வைக்கவில்லை. "காலையில ஓடி மத்தியானம் நிக்குதோ, இல்ல முழுக்கவே ஓடுறேல்லையோ?" என்று கேட்டான். சின்னம்மாவுக்கு அந்தக் கேள்வியே அதிசயம், அதுவரை வந்த எவரும் கேட்கவில்லை. மத்தியானம்தான் நிற்கிறது என்றதும் பனலுக்குப் பின்னால் குனிந்து கம்பியைத் தடவிக்கொண்டே போய் ஓர் இணைப்பைக் காட்டினான், கருகி உருகிப் போயிருந்தது. அந்த இணைப்பை அதற்குரிய கருவியால் நெரிக்காமல் யாரோ சாதாரணக் குறட்டால் நசுக்கியிருக்கிறார்கள். வெயில் ஏற ஏறக் கரண்ட் கூடும், தொடுப்பு சூடாகும், விட்டுவிடும். சுவிச்சை நிறுத்தி, சாக்கு நாலைந்து கொண்டுவரச் சொல்லிப் பனலை மூடி, மீற்றரை வைத்து இரண்டு தரம் பார்த்து, பிறகுதான் வெட்டினான். இருபது நிமிடம். போகும்போது பனலில் இருந்த மயில் எச்சத்தைக் கழுவச் சொன்னான், அந்த நிழல் விழுகிற இடம் சூடாகிப் பனலே பழுதாகுமாம். நம்முடைய ஊரில் மயிலுக்குப் பஞ்சமா?

நான் சொல்ல வந்தது அந்தக் கேள்வியைப் பற்றி. மத்தியானம் மட்டுமா, முழுக்கவா என்று கேட்கத் தெரிவது மூன்று மாதத்தில் வராது. வீட்டு மின்சாரம் ஏசி (திசை மாறி மாறி ஓடுவது), பனலில் இருந்து வருவது டிசி (ஒரே திசையில் ஓடுவது), பல பனலைத் தொடராய்க் கோர்த்தால் நூற்றுக்கணக்கான வோல்ற், அதை நிறுத்த மெயின் சுவிச் போதாது, ஏனென்றால் சூரியனை நிறுத்த முடியாது. வெளிச்சம் படுகிற வரை பனலில் கரண்ட் இருக்கும். இதைப் புரியாமல் ஏறுகிறவர்கள்தான் கை கருகி இறங்குகிறார்கள். புவித்தொடுப்பு, இடிதாங்கி, பாதுகாப்பு ஆளி, கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்றில் துருப்பிடிக்காத தாங்கி, இதெல்லாம் சோலார் பாடம் இல்லை, மின்சாரப் பாடமும் இரும்பு வேலைப் பாடமும்.

மகளுக்குச் சொல்ல இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி நாடு முழுக்க இருண்டதே, எல்லோரும் குரங்கை வைத்துப் பகிடி விட்டார்கள். பகிடிக்குப் பின்னால் இருந்த விஷயம் பெரிசு. ஞாயிறு பகல், பாவனை குறைவு, கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் தள்ளுகிறது. பெரிய சுழலிகள் நிறைய ஓடிக்கொண்டிருந்தால் அவற்றின் பாரமே ஓர் அடியைத் தாங்கும், அன்று அந்தப் பாரம் குறைவு. அந்த வருடம் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் கூரைச் சோலார் வைத்திருக்கிறவர்களைப் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. வெயில் கொட்டுகிறது, வாங்கி வைக்கப் பாத்திரம் இல்லை. அந்தப் பாத்திரம் பற்றரி. அடுத்த பத்து வருடத்தில் பனல் பூட்டுகிறவனை விடப் பற்றரி, இன்வேட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி தெரிந்தவருக்குத்தான் மரியாதை என்பது என் கணிப்பு. அதனால்தான் அடியிலிருந்து படி என்கிறேன். இன்றைக்குச் சோலார், நாளைக்கு மின்சார ஓட்டோ, நாளன்றைக்கு வேறொன்று, மின்சாரம் தெரிந்தவர் எதிலும் போய் நிற்கலாம்.

எங்கே படிப்பது? உங்கள் வீட்டுக்குக் கிட்டவே இருக்கிறது. அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் திறந்தது, மின் தொழில்நுட்பம் இருக்கிறது. இல்லாவிட்டால் வவுனியா தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்கள். என்விகியூ நான்கு முடித்தால் தேர்ந்த தொழிலாளி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம், இரத்மலானையில் அதற்கென்றே பல்கலைக்கழகம் இருக்கிறது. கம்பஸ் கதவு மூடிவிட்டது என்று அழுகிற பிள்ளைக்கு இந்தப் பின்வாசலை யாரும் காட்டுவதில்லை, பள்ளிக்கூடங்களிலும் இதை மொக்குப் பிள்ளைகளுக்கான வழி மாதிரித்தான் சொல்கிறார்கள், எனக்கு அதில் பெரிய கோபம்.

அந்தத் துண்டுப் பிரசுரக்காரருக்கு மகளே போன் எடுத்துக் கேட்கட்டும். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் இந்தப் படிப்புப் பதிவாகி இருக்கிறதா, எந்த என்விகியூ மட்டம், கையால் பூட்டிக் கழற்றிப் பழக எத்தனை பனல் வைத்திருக்கிறார்கள், வேலைத்தளப் பயிற்சி எங்கே, போன வருடம் படித்தவர் ஒருவரோடு பேசலாமா. கடைசிக் கேள்விக்கு இழுத்தார்கள் என்றால் போனை வைத்துவிடலாம். எனக்கே ஒரு தரம் பட்டது. சில வருடத்துக்கு முன் இப்படி ஓர் இடத்துக்கு நம்பி நான்கு பிள்ளைகளை அனுப்பினேன், பவர்பொயின்ற் காட்டியே மூன்று மாதமும் முடிந்தது. அந்தப் பெற்றோரைச் சந்தையில் கண்டால் இப்போதும் எனக்குக் கூச்சம்.

தமையனின் முதல் யோசனை முழுக்கப் பிழை இல்லை. வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்து சறுக்கியிருந்தால் இன்னொரு தரம் எடுக்கலாம், வன்னியின் நான்கு மாவட்டங்களுக்கும் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் இருக்கிறது. தூரம் அதிகம் என்றால் அந்த வருடத்தை ரியூசனில் கரைக்க வேண்டாம். எவ்வளவு குறைந்தது என்று நீங்கள் சொல்லவில்லை, பெறுபேற்றுத் தாளைப் பார்க்காமல் அதில் நான் முடிவு சொல்ல மாட்டேன்.

மற்றது, பொம்பிளைப் பிள்ளை கூரையில் ஏறுவது. அக்கா, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? முழங்காலில் நின்று, முகத்துக்கு மறைப்புப் போட்டு, அந்த வெயிலில் மண்ணை விரல் விரலாகக் கிளறுகிறீர்கள். நீங்கள் கண்ணிவெடி எடுக்கப் போன புதிதில் ஊர் என்ன கதைத்தது என்று எனக்கும் தெரியும், அந்தச் சம்பளத்தில்தான் இந்தப் பிள்ளை படித்தது என்றும் தெரியும். தமையனுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது.

ஆனால் ஆபத்து இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சின்னக் கொந்தராத்துக்காரர் பலர் இடுப்புப் பட்டி இல்லாமல் பெடியங்களை ஓட்டில் ஏற்றுகிறார்கள். பட்டி தராத இடத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லப் பிள்ளைக்குப் பழக்குங்கள், உங்கள் வீட்டில் அதைப் பழக்கத் தனி ஆள் தேவையில்லை. தூர இடத்தில் வேலை என்றால் தங்குமிடம், கழிப்பறை, இருட்டுவதற்கு முன் வருவதற்கு வாகனம், இவையும் கேட்க வேண்டியவை. ஏறுவது மட்டும்தான் வேலை என்றும் இல்லை. எத்தனை பனல் வேண்டும் என்று கணக்குப் போடுவது, பூட்டியதைச் சோதித்துப் பார்ப்பது, பழுது பார்ப்பது, இவை மேசையிலும் நிலத்திலும் நடக்கிறவை. ஒரு கிலோவாற் பனல் நம்முடைய வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய நான்கு யூனிற் தரும் என்று வைத்துக்கொண்டு வீட்டுக்காரருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாடிக்கையாளர் தானாக வருவார்.

இரண்டு பாஷை விஷயம். இன்வேட்டரில் பிழை வந்தால் ஆங்கிலத்தில்தான் எழுத்து ஓடும், கையேடும் ஆங்கிலம். கொம்பனிகளின் தலைமை கொழும்பில், கூட வேலை செய்கிறவர்கள் சிங்களம் பேசுவார்கள். இரண்டிலும் பேசி வேலை முடிக்கிற அளவு வேண்டும். சிங்களம் எதற்கு என்று முறைக்கிறவர்களுக்கு நான் வாதாட வரவில்லை, சம்பளத் தாளைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

சின்னவனைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி சொன்னீர்கள், ஒன்பதாம் வகுப்பு, அப்புவோடு வயலில்தான் கிடக்கிறான் என்று. கிடக்கட்டும். 2021இல் இரசாயன உரத்தை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்களே, அதுவும் பச்சை என்ற பெயரில்தான். மே மாதம் தடை, நவம்பரில் தடை நீக்கம், இடையில் அந்தக் காலபோகம் பட்ட பாடு அப்புவுக்குத் தெரியும். சேதன உரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எந்த மண்ணில் எவ்வளவு, எத்தனை போகத்தில் மாற்றலாம் என்று சொல்லக்கூடியவர்களைக் கேட்காமல் செய்ததுதான் வினை. இரணைமடுத் தண்ணீரை வயலில் எந்நேரமும் கட்டி வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சினால் தண்ணீரும் மிச்சம், சேற்றிலிருந்து கிளம்புகிற மீதேன் வாயுவும் குறையும். இதைச் சொன்னால் அப்பு சிரிப்பார், பேரன் ஒரு வரம்பில் செய்து காட்டினால் பார்ப்பார். அறிவியல்நகரில் விவசாய பீடம், வவுனியாவில் விவசாயக் கல்லூரி, அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கண்ணிவெடி ஒப்பந்தப்படி 2028 ஜூனுக்குள் நாட்டைத் துப்புரவாக்க வேண்டும். திகதி தள்ளினாலும் அந்த வேலைக்கு ஒரு முடிவு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நீங்கள் எடுத்த முதலுதவிப் பயிற்சி, பாதுகாப்புப் பயிற்சி, குழுவுக்குப் பொறுப்பாக நின்ற காலம், எல்லாவற்றுக்கும் இப்போதே கடிதம் எழுதி வாங்கி வையுங்கள், நிறுவனம் பூட்டிய பிறகு கையெழுத்துப் போட ஆள் இருக்காது. சோலார், காற்றாலை வேலைத்தளங்களில் பாதுகாப்பைப் பார்க்கிறவர் தேவை, நேரே வேலை கிடைக்கும் என்று வாக்குத் தர மாட்டேன், ஆனால் விண்ணப்பத்தோடு வைக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். மோட்டார் திருத்துகிற உங்கள் தம்பிக்கும் சொல்லுங்கள், முன்னர் கற்றதை அங்கீகரிக்கிற முறையில் வகுப்புக்குப் போகாமலே சோதனை கொடுத்து என்விகியூ எடுக்கலாம். இருபது வருடம் செய்த வேலைக்கு ஒரு தாள்கூட இல்லாமல் இருக்கிறார் மனிசன்.

வருகிற திங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பெறுபேற்றுத் தாள், அடையாள அட்டைப் பிரதி, அந்தத் துண்டுப் பிரசுரம். அதற்கிடையில் அவளுக்கு ஒரு வேலை: காலை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் வீட்டு மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதட்டும், எந்த நேரம் எது ஓடியது, பம்பா, பிரிட்ஜா, அயன் பெட்டியா என்றும் பக்கத்தில் குறிக்கட்டும். அதை வைத்து உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாற் வேண்டும் என்று நானும் அவளும் இருந்து கணக்குப் போடுவோம். மீற்றர்ப் பெட்டிக்குள் குளவி கட்டியிருந்தால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.